வேலையிடத்தில் கூட்டமாக வரும் நுரையீரல் நோய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பஞ்சாலை, குவாரி, கல் பாலிஷ் பட்டறை, உணவுத் தொழிற்சாலை, ஏசி போட்ட அலுவலகம் என்று எங்கே வேண்டுமானாலும் ஒரே மாதிரி மூச்சுத் தொல்லை பலருக்கு வரலாம். அதை ஆய்வாளர்கள் எப்படித் தோண்டிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது பற்றி வழக்கமாக எழும் கேள்விகள் இவை. உதாரணங்களில் பல வெளிநாட்டவை. அங்கே யாரோ உட்கார்ந்து எண்ணி எழுதி வைத்தார்கள் என்பதுதான் காரணம்.

தூசியால் வரும் நோய் வேறு, கிருமியால் வருவது வேறு. இரண்டையும் ஏன் ஒன்றாகப் பேசுகிறீர்கள்?

ஆய்வுக்குப் போகிறவருக்கு முதல் நாள் அது எது என்றே தெரியாது. பத்துப் பேருக்கு இருமல், சிலருக்கு மூச்சிரைப்பு, இரண்டு பேருக்குக் காய்ச்சல். ரசாயனமா, பூஞ்சையா, பாக்டீரியாவா என்பது கடைசியில்தான் தெரியவரும். சில சமயம் வருடக்கணக்கில் தெரியாமலே இருக்கும். ஆனால் தேடும் வழி ஒன்றுதான்: யாருக்கு வந்தது, எங்கே இருந்தவருக்கு, எப்போது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, நோய்ப் புலனாய்வுக்கென்று 1951 முதல் மருத்துவர்களைப் பழக்கி அனுப்புகிறது. அவர்கள் காய்ச்சல் பரவும் ஊருக்கும் போவார்கள், தூசி பறக்கும் ஆலைக்கும் போவார்கள்.

தவிர, இந்த இரண்டும் நாம் நினைக்கிற அளவுக்குத் தள்ளி நிற்பவை அல்ல. பஞ்சுத் தூசி நெஞ்சை இறுக்குவதற்குப் பஞ்சில் ஒட்டிவரும் பாக்டீரியாவின் நச்சு ஒரு முக்கியக் காரணம். கல் தூசி புகுந்த நுரையீரலில் காசநோய் சுலபமாகக் குடியேறும். இரண்டையும் கீழே பார்க்கலாம்.

ஆய்வாளர்கள் வந்து இறங்கியதும் முதலில் எந்தக் கருவியை எடுப்பார்கள்?

பேனாவும் தாளும்தான். முதல் வேலை, யாரை நோயாளி என்று கணக்கில் எடுப்பது என்று முடிவு செய்வது. ‘இந்தத் தேதிக்குப் பிறகு இந்தக் கட்டடத்தில் வேலை பார்த்தவர், இன்ன அறிகுறி இத்தனை நாள் இருந்தவர்’ என்று ஒரு வரையறை எழுதுவார்கள். அது தளர்வாக இருந்தால் சாதாரண சளிக்காரர்கள் எல்லாம் உள்ளே வந்துவிடுவார்கள். ரொம்ப இறுக்கினால் நிஜ நோயாளி வெளியே போய்விடுவார்.

அப்புறம் ஒரு நீளமான பட்டியல், ஆளுக்கு ஒரு வரி. வயது, எந்தப் பிரிவு, எந்த ஷிஃப்ட், எப்போது வேலைக்குச் சேர்ந்தார், எப்போது இருமல் ஆரம்பித்தது, லீவில் குறைந்ததா, பீடி சிகரெட் உண்டா. இந்தப் பட்டியலை வைத்து நாள்வாரியாக ஒரு வரைபடம் போட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஒரே நாளில் எல்லோரும் விழுந்திருந்தால் பொதுவான மூலம் ஒன்று இருக்கிறது. நான்கைந்து நாள் இடைவெளியில் அலை அலையாக வந்தால் ஆளுக்கு ஆள் தொற்றுகிறது. கல் தூசி மாதிரி பத்து இருபது வருடம் எடுக்கும் நோய்க்கு இந்த வரைபடம் உதவாது. அங்கே தேதிக்குப் பதில் எந்த வேலையில் எத்தனை வருடம் நின்றார் என்பதுதான் கணக்கு.

பலர் விட்டுவிடுகிற படி ஒன்று உண்டு: நோய் வராதவர்களையும் அதே கேள்விகள் கேட்பது. நோயாளிகள் அத்தனை பேரும் கேன்டீனில் டீ குடித்தார்கள் என்று சொல்வதில் பயன் இல்லை. வராதவர்களும் அதே டீயைத்தான் குடித்திருப்பார்கள்.

‘பாப்கார்ன் நுரையீரல்’ என்கிறார்களே, அது உண்மையா?

உண்மை. இந்தத் துறையில் யாருக்காவது ஒரே ஒரு கதை சொல்ல வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஜாஸ்பர் என்ற சிறிய ஊரில் மைக்ரோவேவ் பாப்கார்ன் தயாரிக்கும் ஆலை ஒன்று இருந்தது. 2000 மே மாதம் ஒரு மருத்துவர் மாநிலச் சுகாதாரத் துறைக்குத் தகவல் கொடுத்தார்: அந்த ஆலையில் முன்பு வேலை பார்த்த எட்டுப் பேருக்கு, மூச்சுக்குழலின் நுனிக்கிளைகள் தழும்பேறி அடைத்துக்கொள்ளும் அபூர்வமான நோய் இருக்கிறது. பிராங்கியோலைட்டிஸ் ஆப்ளிட்டரன்ஸ் என்று பெயர். அவர்களில் நான்கு பேர் நுரையீரல் மாற்று அறுவைக்குப் பெயர் கொடுத்துக் காத்திருந்தார்கள். இள வயதிலிருந்து நடு வயதுக்காரர்கள் வரை இருந்தார்கள். பலருக்கும் அதற்கு முன் ஆஸ்துமா, பிராங்கைட்டிஸ் என்று வைத்தியம் நடந்திருந்தது. தனித்தனி டாக்டரிடம் தனித்தனியாகப் போனால் அப்படித்தான் ஆகும்.

பணியிடப் பாதுகாப்புக்கான அமெரிக்க ஆய்வு நிறுவனமான நியோஷ் அந்த ஆண்டு நவம்பரில் ஆலைக்குள் போனது. கேத்லீன் கிரைஸ் தலைமையிலான குழு அங்கே அப்போது வேலையில் இருந்த 135 பேரில் 117 பேரைக் கேள்வி கேட்டு, ஊதச் சொல்லி அளந்தது. நாட்டு மக்களிடம் எடுத்த பொதுக் கணக்கோடு ஒப்பிட்டால், மூச்சுக்குழல் அடைப்பு எதிர்பார்த்ததைப் போல் 3.3 மடங்கு. சிகரெட்டே தொடாதவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 10.8 மடங்கு. சிகரெட்டால் வந்தது என்ற சமாதானம் அந்த இரண்டாவது எண்ணில் அடிபட்டுப் போனது.

ஆலையில் ஒரு மேடை மீது பெரிய தொட்டிகள். சோயா எண்ணெயைச் சூடாக்கி, உப்பும் வெண்ணெய் வாசனைத் திரவமும் ஊற்றிக் கலக்குவார்கள். கலவை போடுகிறவர் தொட்டியின் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்க வேண்டும். ஆவி நேராக முகத்தில் அடிக்கும். அவர்களுக்கும் பக்கத்தில் பாக்கெட் போடும் வரிசையில் நின்றவர்களுக்கும் பாதிப்பு அதிகம். தரம் பார்க்கும் அறையில் ஆறு பேர் இருந்தார்கள். ஒரு ஷிஃப்டுக்கு சுமார் 100 பாக்கெட் பொரித்துத் திறந்து பார்ப்பது அவர்கள் வேலை. அந்த அறையின் சராசரிக் காற்றில் கலவை அறையைவிட ஆவி மிகக் குறைவு. ஆனாலும் ஆறில் ஐந்து பேருக்கு அடைப்பு இருந்தது. சூடான பாக்கெட்டைப் பிரிக்கும் அந்த நொடியில் மூக்கருகே வரும் ஆவியைச் சராசரி காட்டாது.

காற்றில் நிறைய ரசாயனங்கள் கலந்திருந்தன. வெண்ணெய் வாசனையின் முக்கியக் கூறான டைஅசிட்டைலை ஓர் அடையாளமாக எடுத்து அளந்தார்கள். அதை அதிகம் சுவாசித்தவர்களுக்கு அடைப்பும் அதிகம் என்று கணக்கு ஏறுவரிசையில் வந்தது. எலிகளை அந்த ஆவியில் வைத்தபோது மூச்சுக்குழலின் உட்தோல் வெந்தது போல உரிந்தது. 2002-இல் ஆய்வு அச்சானது.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது வரிசைதான். குற்றவாளி டைஅசிட்டைல் மட்டுமா, கூட வேறு ஏதாவது உண்டா என்று உறுதியாகும் முன்பே தொட்டியை மூடுங்கள், ஆவியை உறிஞ்சி வெளியேற்றுங்கள், முகமூடி கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பெயர் தெரியட்டும் என்று காத்திருந்தால் மாற்று நுரையீரலுக்கான வரிசைதான் நீண்டிருக்கும்.

அப்படியானால் பாப்கார்ன் சாப்பிடக் கூடாதா?

சாப்பிடலாம். வயிற்றுக்குள் போவதற்கும் ஆவியாக நுரையீரலுக்குள் போவதற்கும் சம்பந்தம் இல்லை. டைஅசிட்டைல் உணவில் சேர்க்கப் பாதுகாப்பானது என்ற பட்டியலில் இருந்த பொருள்தான். அந்தச் சான்று சாப்பிடுகிறவருக்கு மட்டும், அதைக் காய்ச்சுகிறவருக்கு அல்ல என்று யாரும் யோசிக்கவில்லை.

2007 வாக்கில் பெரிய பாப்கார்ன் கம்பெனிகள் டைஅசிட்டைலை விட ஆரம்பித்தன. பதிலுக்கு வந்த பென்டேன்டையோன் என்ற பொருளும் எலிகளில் கிட்டத்தட்ட அதே சேதத்தைச் செய்தது. பிறகு டெக்சாஸில் ஒரு காப்பிக்கொட்டை ஆலையில் வாசனை சேர்க்கும் பிரிவில் நின்றவர்களுக்கு இதே நோய் வந்தது. காப்பிக்கொட்டையை வறுத்து அரைக்கும்போது இந்த ஆவி இயற்கையாகவே வரும் என்பது அதைத் தொடர்ந்துதான் பலருக்குத் தெரியவந்தது. நியோஷ் 2016-இல் பரிந்துரைத்த வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாகக் காற்றில் நூறு கோடிக்கு ஐந்து பங்கு டைஅசிட்டைல்.

எங்கள் ஆலையில் எல்லோரும் நன்றாகத்தானே இருக்கிறார்கள்?

இப்போது இருக்கிறவர்கள் நன்றாக இருக்கிறார்கள். முடியாமல் போனவர்கள் வேலையை விட்டுப் போயிருப்பார்கள். ஜாஸ்பரில் முதலில் தெரியவந்த எட்டுப் பேரும் முன்னாள் தொழிலாளர்கள். ஆலைக்குள் மட்டும் எண்ணியிருந்தால் அந்த எட்டும் கணக்கிலேயே வந்திருக்காது. இன்னொன்று, கடினமான வேலைக்கு எடுக்கும்போதே திடகாத்திரமான ஆளைத்தான் எடுப்பார்கள். அதனால் ஊர் சராசரியோடு ஒப்பிட்டால் தொழிலாளர்கள் எப்போதும் கொஞ்சம் ஆரோக்கியமாகவே தெரிவார்கள். மஸ்டர் ரோலில் பெயர் இல்லாத ஒப்பந்தத் தொழிலாளர்களையும் வேலையை விட்டு ஊர் திரும்பியவர்களையும் தேடாத ஆய்வை நான் பாதி ஆய்வு என்றுதான் சொல்வேன்.

எக்ஸ்ரே நார்மல் என்று வந்தது. கவலை இல்லையா?

நோயைப் பொறுத்தது. கல் தூசி நோயான சிலிகோசிஸ் எக்ஸ்ரேயில் புள்ளிப் புள்ளியாகத் தெரியும், அதுவும் ஆரம்பத்தில் தெரியாது. பாப்கார்ன் ஆலை நோயில் எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். ஸ்பைரோமெட்ரி எனும் ஊதிப் பார்க்கும் சோதனையில்தான் அகப்படும்: முதல் நொடியில் ஊதும் காற்று குறைந்திருக்கும், இன்ஹேலர் கொடுத்து மறுபடி ஊதச் சொன்னாலும் ஏறாது. ஆஸ்துமாவில் ஏறும். ஒரு தடவை ஊதுவதைவிட ஆண்டுக்கு ஒரு முறை ஊதி, பழைய எண்ணோடு ஒப்பிடுவதுதான் பயன்.

திங்கட்கிழமை மட்டும் நெஞ்சு இறுகுகிறது. வேலைக்குப் போகப் பிடிக்காததாலா?

பஞ்சாலையில் வேலை என்றால் இந்தக் கேள்வியை யாரும் கேலியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிசினோசிஸ் என்ற நோயின் முதல் அடையாளமே அதுதான். வார விடுமுறை முடிந்து முதல் நாள் வேலைக்குப் போன சில மணி நேரத்தில் நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும். செவ்வாய், புதன் போகப் போகக் குறையும். நோய் முற்றினால் எல்லா நாளும் வரும். 1950-களில் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் ரிச்சர்ட் ஷில்லிங் எந்தக் கிழமை என்ற கேள்வியை வைத்தே நோயைப் படிநிலைகளாகப் பிரித்தார்.

நூற்பாலைகளில் பஞ்சுப் பொதியைப் பிரிக்கும் புளோ ரூமிலும் பஞ்சைச் சீவும் கார்டிங்கிலும்தான் அதிகத் தூசி. கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கம் ஆலை வேலை பார்த்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வார லீவு ஞாயிறு இல்லாமல் சுழற்சியில் வருகிற ஆலையில் ‘திங்கட்கிழமை’ புதனாகவும் இருக்கலாம். கேட்க வேண்டியது, லீவு முடிந்து வரும் நாள் எப்படி இருக்கிறது என்று.

ஏசி மூலம் நிமோனியா வருமா?

லீஜியோனேர் நோய் என்று ஒரு வகை நிமோனியா உண்டு. வீட்டில் மாட்டும் ஸ்பிலிட் ஏசியால் அது வருவதில்லை. பெரிய கட்டடங்களின் மொட்டை மாடியில் தண்ணீர் வழிந்து ஆவியாகிக் குளிரவைக்கும் கூலிங் டவர் இருக்குமே, அதுதான் விஷயம். சரியாகச் சுத்தம் செய்யாவிட்டால் அந்தத் தண்ணீரில் லீஜியோனெல்லா பாக்டீரியா பெருகும். நுண்துளியாகக் காற்றில் கலந்து மூச்சில் போகும்.

இது தெரியவந்த விதம் கேட்கத் தக்கது. 1976 ஜூலை 21 முதல் 24 வரை ஃபிலடெல்ஃபியாவின் பெல்வியூ ஸ்ட்ராட்ஃபோர்ட் ஹோட்டலில் முன்னாள் ராணுவத்தினர் அமைப்பான அமெரிக்கன் லீஜியனின் மாநாடு. ஊர் திரும்பிய சில நாளில் ஒவ்வொருவராகக் காய்ச்சல், நிமோனியா. மாநாட்டுக்கு வந்தவர்களில் 182 பேருக்கு நோய், 29 பேர் இறந்தார்கள். மாநாட்டில் கலக்காமல் ஹோட்டலுக்கு அருகே நடமாடியவர்களையும் சேர்த்தால் சாவு 34. அந்த வருடம் பன்றிக் காய்ச்சல் பீதி வேறு இருந்தது. எல்லோரும் அதைத்தான் நினைத்தார்கள். அது இல்லை என்றானதும் விஷமாக இருக்குமோ என்ற பேச்சு எழுந்தது. சடலத் திசுக்களில் நிக்கல் இருந்ததை வைத்து நிக்கல் கார்பனைல் வாயு என்று ஒரு கட்சி. பல மாதம் இது தொற்றா நச்சா என்றே தீரவில்லை.

பட்டியல் போட்டவர்கள் அதற்குள் கணிசமாகச் சொல்லிவிட்டார்கள். நோயாளியோடு வீட்டில் இருந்தவர்களுக்கு வரவில்லை, ஆகவே ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றவில்லை. ஹோட்டல் லாபியில் அதிக நேரம் இருந்தவர்களுக்கு அதிகம் வந்தது. உள்ளே நுழையாமல் வெளி நடைபாதையில் நின்றவர்களுக்கும் வந்தது, ஆகவே காற்று வழி. கிருமியை சிடிசியின் ஜோசப் மெக்டேட் டிசம்பர் கடைசியில்தான் பிடித்தார். முன்பு பார்த்து ஒதுக்கிய கண்ணாடித் தகடுகளை எடுத்து மறுபடி நுண்ணோக்கியில் வைத்தபோது கிடைத்தது. 1977 ஜனவரியில் அறிவித்தார்கள். ஹோட்டல் அதற்கு முன்பே, நவம்பரில், ஆள் வராமல் மூடிவிட்டது.

இதற்கு எட்டு வருடம் முன்பு நடந்தது இன்னும் வேடிக்கை. 1968 ஜூலையில் மிச்சிகனின் போன்டியாக் நகரில், சுகாதாரத் துறை அலுவலகத்திலேயே வேலை பார்த்த 100 பேரில் 95 பேர் காய்ச்சலில் படுத்தார்கள். ஆய்வுக்குப் போன சிடிசி ஆட்களுக்கும் வந்தது. ஏசி ஓடும்போது உள்ளே போனவர்களுக்கு வந்தது, ஓடாதபோது போனவர்களுக்கு வரவில்லை. இதைவிடத் தெளிவான பரிசோதனை கிடைக்குமா! யாரும் சாகவில்லை, சில நாளில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். காரணம் மட்டும் பிடிபடவில்லை. ஆனால் ரத்த மாதிரிகளை உறைபனியில் எடுத்து வைத்திருந்தார்கள். 1977-இல் புதுக் கிருமி கிடைத்ததும் அந்த ரத்தத்தைச் சோதித்தால், அதே கிருமிக்கு எதிரான அடையாளம்.

ஆலைக்குள் வேலை பார்க்காதவர்களுக்கும் வருமா?

பார்சலோனாவில் வந்தது. 1981 முதல் 1987 வரை அந்த ஊரில் 26 நாட்களில் திடீர் திடீரென்று ஆஸ்துமாக்காரர்கள் கூட்டமாக அவசரப் பிரிவுக்கு ஓடிவந்தார்கள். மொத்தம் 687 பேர். யூசெப் மரியா அன்டோவின் குழு, அட்டாக் வந்தபோது ஒவ்வொருவரும் எங்கே இருந்தார் என்று ஊர் வரைபடத்தில் குறித்தது. புள்ளிகள் துறைமுகத்தை ஒட்டிச் சேர்ந்தன. உடனே துறைமுகப் பதிவேட்டை எடுத்தார்கள், எந்தக் கப்பல், எந்தச் சரக்கு, எந்த நாள் என்று. 1985, 86 இரண்டு வருடத்தில் நோய் வெடித்த 13 நாளும் சோயா மொச்சை இறக்கிய நாட்கள். ஒரு சேமிப்புக் கிடங்கின் உச்சியில் தூசி வடிகட்டி பொருத்தவே இல்லை. காற்று மந்தமாக இருந்த நாளில் சோயாத் தூசி ஊர் மேல் படிந்தது. வடிகட்டி போட்டார்கள், நின்றுபோனது.

கல் தூசிக்கும் காசநோய்க்கும் என்ன தொடர்பு?

நுரையீரலுக்குள் வரும் கிருமியை விழுங்கி அழிப்பதற்கென்று செல்கள் உண்டு. கல் தூசியில் இருக்கும் சிலிக்கா துகளையும் அவைதான் விழுங்கும். ஆனால் அதைச் செரிக்க முடியாமல் செல்லே செத்துப்போகும். மீண்டும் மீண்டும் இப்படி நடந்தால் தழும்பு கட்டும், காவலும் குறையும். காசநோய்க் கிருமிக்கு வசதியாகிவிடும். வேலையை விட்டுப் பல வருடம் ஆனாலும் துகள் உள்ளேயே இருப்பதால் ஆபத்தும் கூடவே இருக்கும்.

நமக்குப் பக்கத்து உதாரணம் கோலார் தங்கவயல். வட ஆர்க்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன தமிழர்கள்தான் அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பகுதி. 1940-களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்த ஆய்வு, நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு சிலிகோசிஸ் இருப்பதாகச் சொன்னது. பாறையைத் துளை போடும்போது தண்ணீர் பாய்ச்சினால் தூசி அடங்கும் என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்த சங்கதி. சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது.

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் மூன்றாவதாக எச்ஐவியும் சேர்ந்தது. சிலிகோசிஸும் எச்ஐவியும் ஒருவருக்கே இருந்தால் காசநோய் ஆபத்து இரண்டையும் கூட்டினாற்போல் வருவதில்லை, பெருக்கினாற்போல் வருகிறது என்று 2000-இல் வெளியான ஆய்வு காட்டியது. சுரங்க விடுதிகளில் நெருக்கி அடித்துத் தங்கியவர்கள் லெசோத்தோ, மொசாம்பிக் கிராமங்களுக்கு லீவில் போவார்கள், நோயும் போகும். நோயாளிகள் தொடுத்த கூட்டு வழக்கில் தங்கச் சுரங்க நிறுவனங்கள் இழப்பீடு தர ஒப்பிய சமரசத்தை 2019-இல் ஜோகன்னஸ்பர்க் உயர்நீதிமன்றம் ஏற்றது.

எல்லாத் தொழிலாளர்களுக்கும் முன்கூட்டியே காசநோய் மாத்திரை கொடுத்துவிட்டால்?

அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். தீபேலா என்ற பெயரில் 15 தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவில், ஏற்கெனவே காசநோய் வந்தவர்களைச் சோதித்துப் பிரித்துவிட்டு, விரும்பிய மற்ற எல்லோருக்கும் ஒன்பது மாதம் ஐசோநியசிட் என்ற காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். சுமார் 27,000 பேர் சேர்ந்தார்கள். மாத்திரை சாப்பிடும் வரை காசநோய் நன்றாகக் குறைந்தது. நிறுத்தியதும் பாதுகாப்பு போய்விட்டது. முடிவில் மாத்திரை கொடுத்த சுரங்கங்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு 3.02 பேருக்கு காசநோய், கொடுக்காதவற்றில் 2.95. அதாவது வித்தியாசமே இல்லை. ஆய்வு 2014-இல் வெளியானது. தூசியும் நெரிசலும் அப்படியே இருக்க மாத்திரை மட்டும் என்ன செய்யும் என்பது என் கருத்து. தோற்ற ஆய்வையும் முழுசாக வெளியிட்டார்களே, அதைப் பாராட்ட வேண்டும்.

சமையலறையில் குவார்ட்ஸ் மேடை போடப் போகிறோம். ஆபத்தா?

உங்களுக்கு இல்லை. அதை அறுத்துப் பாலிஷ் போடுகிறவருக்கு ஆபத்து. இந்தச் செயற்கைக் கல்லில் பழைய கலவைப்படி 90 சதவீதத்துக்கும் மேல் சிலிக்கா. கிரானைட்டில் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான், மார்பிளில் இன்னும் குறைவு. இஸ்ரேலில் நுரையீரல் மாற்றுக்கு வரும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர்கள், 14 வருடத்தில் 25 பேர் ஒரே தொழிலிலிருந்து வந்திருப்பதை 2012-இல் எழுதினார்கள். எல்லோரும் இந்தக் கல்லைத் தண்ணீர் இல்லாமல் அறுத்தவர்கள். முப்பது வயதுக்காரர்களுக்கே நோய் முற்றுவதைப் பார்த்து ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தக் கல்லையே தடை செய்தது. நீங்கள் போடுவதாக இருந்தால், பட்டறையில் தண்ணீர் பாய்ச்சி அறுத்து எடுத்துவரச் சொல்லுங்கள். வீட்டு வாசலில் கட்டிங் மெஷினை வைத்து உலர்வாக அறுக்க விடாதீர்கள்.

மாஸ்க் போட்டால் போதாதா?

துணி மாஸ்க், கைக்குட்டை எதுவும் நுண்தூசிக்கு ஆகாது. முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்95 ரகம் தூசிக்கு உதவும், ஆவிக்கு உதவாது. எட்டு மணி நேரம் வெக்கையில் அதைக் கழற்றாமல் இருப்பதும் நடக்கிற காரியம் இல்லை. தூசி கிளம்பும் இடத்திலேயே தண்ணீர், உறிஞ்சும் குழாய், மூடி. அதற்குப் பிறகுதான் மாஸ்க்.

டெஸ்டில் நோய் உறுதியானவர்களின் எண்ணிக்கையை நம்பலாமா?

குறைந்தபட்சம் இத்தனை பேர் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2020-இல் சிங்கப்பூரின் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளில் கொரோனா பரவியது. நம் ஊர் ஆட்களும் நிறையப் பேர் அங்கே ஓர் அறைக்குப் பத்து, இருபது பேராகத் தங்கியிருந்தார்கள். சுமார் 3,23,000 பேரில் பிசிஆர் சோதனையில் உறுதியானவர்கள் 54,505. ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் இருக்கிறதா என்று பார்த்தபோது, ஏற்கெனவே வந்துபோனவர்கள் இன்னும் 98,289 பேர் என்று அந்த டிசம்பரில் அரசு சொன்னது. மொத்தத்தில் 47 சதவீதம். காய்ச்சல் கூட இல்லாத இளைஞர்கள் பலர், அதனால் கணக்கில் வராமல் போனார்கள்.

எத்தனை பேருக்கு வந்தால் சந்தேகப்பட வேண்டும்?

நோய் எவ்வளவு அபூர்வம் என்பதைப் பொறுத்தது. முந்நூறு பேர் வேலை பார்க்கும் இடத்தில் பத்துப் பேருக்கு ஆஸ்துமா இருப்பது தற்செயலாகவே நடக்கும். பிராங்கியோலைட்டிஸ் ஆப்ளிட்டரன்ஸ் இரண்டு பேருக்கு வந்தாலே தற்செயல் இல்லை. ஒரே பிரிவு, ஒரே இயந்திரம், ஒரே ஷிஃப்ட் என்று சேர்ந்து வந்தாலும், புதுப் பொருள் வந்த பிறகு ஆரம்பித்தாலும் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் விசாரிக்க வேண்டியதுதான்.

சந்தேகம் வந்துவிட்டது. நாங்கள் என்ன செய்வது?

அமெரிக்காவில் ஒரே நிறுவனத்தில் வேலை பார்க்கும் மூன்று பேர் கையெழுத்துப் போட்டு நியோஷுக்கு எழுதினால் அவர்கள் அதை எடுத்துக்கொண்டு விசாரிக்க வேண்டும், பெயரை முதலாளிக்குச் சொல்லாமல். நம்மிடம் அவ்வளவு சுலபமான வழி இல்லை, ஆனால் வழியே இல்லாமலும் இல்லை. தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு எழுதலாம். சிலிகோசிஸும் பிசினோசிஸும் டாக்டர் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்கள் என்று 1948-இன் தொழிற்சாலைச் சட்டமே பட்டியல் போட்டது. இஎஸ்ஐ உள்ளவர்களுக்கு, தொழில்நோய் என்று உறுதியானால் அது வேலையில் பட்ட காயம் போலக் கருதப்படும். குவாரி, கல் உடைப்பு வேலையில் இருப்பவர்களுக்கு ராஜஸ்தான் 2019-இல் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. சிலிகோசிஸ் என்று சான்று பெற்றவருக்கு அங்கே 3 லட்சம் ரூபாய்.

எங்கே போனாலும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான்: எந்த வேலை பார்த்தீர்கள் என்பதற்கு ஆதாரம். டாக்டர் சீட்டில் ‘கூலி’ என்று ஒற்றைச் சொல்லில் எழுதிவிடுவார்கள். அதனால் ஒரு நோட்டில் நீங்களே எழுதுங்கள். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எந்த ஆலை, எந்தப் பிரிவு, எந்த இயந்திரம், என்ன மூட்டையைப் பிரித்தீர்கள், மூட்டை மேல் என்ன பெயர் போட்டிருந்தது, ஜன்னல் இருந்ததா, தண்ணீர் பாய்ச்சினார்களா, பக்கத்தில் நின்றவர்களில் யாருக்கெல்லாம் இருமல். இருமல் ஆரம்பித்த மாதம், லீவில் குறைந்ததா என்பதும் வேண்டும். இஎஸ்ஐ அட்டை, சம்பளச் சீட்டு, பிஎஃப் கணக்கு எண் எதுவானாலும் ஒரு நகல் சேர்த்து வையுங்கள். கம்பெனி கேம்ப் வைத்து ஊதிப் பார்த்தால் ‘ஓகே’ என்ற வார்த்தையோடு திரும்பாமல் எண் போட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த வருடம் ஊதும்போது ஒப்பிட அதுதான் வேண்டும்.